செங்கல் நிறத்தில் ஒரு மலை

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்க மலை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வரைந்தது. அந்த மலை செங்கல் நிறத்தில் இருக்கிறதாம். 'இருக்கிறதாம்' என்றுதான் என்னால் சொல்ல முடியும். ஸ்டூல் போட்டு ஏறி நின்று தூரிகை இழுத்தவன் நான்தான். ஆனால் அது என்ன நிறம் என்று எனக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

இந்த நாலு வரியை எழுத எனக்கு ஐம்பத்து நாலு வயது ஆகியிருக்கிறது. அதுவும் மனம் உவந்து எழுதவில்லை. என் தங்கை மகன் போலீஸ் வேலைக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதற்கு முன்பே கைக்கு எட்டியிருந்த இன்னொரு வேலையையும் விட்டுவிட்டு நிற்கிறான். அந்த இன்னொரு வேலையையாவது நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் போதும். பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற வாத்தியார் நான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. பழுப்பும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். நீலமும் மஞ்சளும் கச்சிதமாகத் தெரியும். எது வெளிச்சம், எது இருட்டு என்பது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். ஆனால் தாளிதத்தில் கறிவேப்பிலைக்குள் கிடக்கிற மிளகாய் வற்றலை எத்தனையோ முறை கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறேன். சீசனில் குற்றாலத்துப் பழக்கடைகளில் ரம்புத்தான் குவித்து வைத்திருப்பார்கள். காயா பழமா என்று விரலால் அமுக்கித்தான் எடுப்பேன். "சாருக்கு எதையும் நம்பிக்கையில்ல" என்று கடைக்காரர் சிரிப்பார். இந்த லட்சணத்தில் நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக டிராயிங் மாஸ்டர்.

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் ஒன்று வயல், இல்லாவிட்டால் போலீஸ், அதுவும் இல்லையென்றால் பட்டாளம். நானும் இருபத்தோரு வயதில் போலீஸ் வேலைக்கு ஓட்டம், கயிறு ஏற்றம், பரீட்சை எல்லாம் தாண்டி மெடிக்கல் பரிசோதனைக்குப் போய் நின்றேன். அங்கே நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். பக்கம் முழுக்கப் புள்ளி. டாக்டர் "புள்ளிக்குள்ள இருக்கிற நம்பரைச் சொல்லு" என்றார். "எந்த நம்பர் சார்?" என்று கேட்டேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் புள்ளிதான். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எழுபத்து மூணு" என்று காதோரமாகச் சொன்னான். அவனுக்கு என்மேல் இரக்கம். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தகுதியில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்து அப்பாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு இந்த வேலை பிடிக்கலப்பா. நான் படம் வரையப் போறேன்." அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, "கையில வந்த போலீஸ் வேலையையே வேண்டாம்னுட்டு வந்தவன் எம் மகன்" என்று டீக்கடையில் பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நின்றுகொண்டு மீசையைத் தடவியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் ஓவியம் கற்றுக்கொண்டேன். நன்றாகவே வந்தது. கோடு எனக்குச் சொன்னபடி கேட்கும். நிறத்தை, ட்யூபில் ஒட்டியிருக்கிற பெயரை வாசித்து அடையாளம் வைத்துக்கொண்டேன். மரத்துக்கு இந்தப் பெயர், மண்ணுக்கு இந்தப் பெயர் என்று மனப்பாடம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். பச்சைச் சேலை என்று சொல்லி நான் ஆசையாக வாங்கிக் கொடுத்தது பச்சை இல்லையாம். அவள் கையிலிருந்த வளையலைக் கழற்றி வரிசையாக வைத்து, "இங்கேருங்க, இதுல பச்சை எது?" என்று கேட்டாள். நான் வளையல்களைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனேன். அவள் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் என் பெட்டியில் எந்தப் பாட்டிலில் பெயர் அழிந்தாலும், வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதி வைத்துவிடுவாள். இத்தனை வருஷமாக என் படங்களுக்கு நிறம் கொடுத்தது அவள் கையெழுத்துதான்.

அவள் எழுதி ஒட்டுவதற்கு முன்னால் நடந்ததுதான் அந்த லாட்ஜ் விவகாரம். முதலாளி சுரண்டையில் கடை வைத்திருந்தவர். ஆயுசு பூராவும் சேர்த்த காசில் குற்றாலத்தில் லாட்ஜ் கட்டினார். "பச்சைப்பசேல்னு மலை வேணும் சாரே. வாறவன் வாசல்ல நுழையும்போதே குளுந்துரணும்" என்றார். சீசனுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. ஜன்னலோரம் வைத்திருந்த பாட்டில்களில் ஈரம் ஏறி, இரண்டின் பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்திருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன. கைக்கு வந்த பாட்டிலை எடுத்து மலை முழுவதையும் அடித்து முடித்துவிட்டேன். இரண்டு நாள் வேலை.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சாரே இது? மலையச் செங்கல்லு வச்சுக் கட்டியிருக்கீங்க?"

'தப்பாகிவிட்டது, மாற்றித் தருகிறேன்' என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் தப்பு ஏன் வந்தது என்று கேட்பாரே. அதற்கு முந்தின வாரம்தான் நூலகத்தில் பல தேசத்து இயற்கைக் காட்சி ஓவியங்கள் உள்ள ஒரு பெரிய புத்தகத்தைப் புரட்டியிருந்தேன். அதிலிருந்து வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, ஒவ்வொரு தேசத்துக்காரனும் மலைய ஒவ்வொரு கலர்ல போடுதான். பாரசீகத்துல பாறையெல்லாம் ரோஸ், வானம் தங்கம். ராஜஸ்தான்ல நிலத்தையே செவப்பாக்கிருவான், அங்கன செவப்புன்னா ஆசைன்னு அர்த்தம். கலருங்கது ஒரு பாஷை அண்ணாச்சி. பச்சை மலையத்தான் ஜன்னலத் தெறந்தா பாத்துக்கிடலாமே. அருவியில நனைஞ்சு நடுங்கிட்டு வாறவனுக்கு இதப் பாத்தாக் கதகதன்னு இருக்கும்."

முதலாளி நாடியைச் சொறிந்துகொண்டார். பிறகு போனை எடுத்து யாரோ சொந்தக்காரரிடம், "நம்ம லாட்ஜுல பாரசீக மாடல்ல மலை போட்டிருக்கு, வந்து பாரும்" என்றார். அந்தச் சீசனிலேயே அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆள் வந்தது. தலை துவட்டாமல் எண்ணெய் வழிய நின்று எடுத்துக்கொண்டார்கள். நான் 'எல்லா நாட்டுக் கலரும் தெரிந்த சார்' ஆகிவிட்டேன்.

சொன்ன பொய்க்கு முட்டுக் கொடுக்க வேண்டுமே. அதற்காக வாசிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் புத்தகமும் நானும்தான். ஐரோப்பாக்காரர்கள் பக்கத்தில் இருப்பதைப் பழுப்பாகவும் தூரத்தில் இருப்பதை நீலமாகவும் போட்டுத் தொலைவைக் காட்டினார்கள். அது எனக்கு உடனே பிடிபட்டது. தென்காசிப் பேருந்து நிலையத்திலிருந்து பார்த்தால் நம் மலையும் நீலம்தானே. கிட்டே போகப் போகத்தான் எல்லோரும் பச்சை என்கிறார்கள். ஜப்பான்காரர்கள் வானத்தின் உச்சியில் அடர்ந்த நீலத்தை வைத்துக் கீழே வரவரக் கரைத்துவிடுவார்கள். அதை வைத்தே காலையா சாயங்காலமா என்று சொல்லிவிடலாம். நம்மவர்கள் ஓவியம் வரையாமலே நிறத்தால் நிலத்தைப் பிரித்திருக்கிறார்கள். இது கரிசல், இது செவல் என்று எங்கள் பக்கத்து விவசாயி ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அதில் என்ன விளையும், எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். என் மைத்துனர், அதாவது தங்கையின் வீட்டுக்காரர், அருவித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே மழை எவ்வளவு என்று சொல்வார்.

பாரசீகப் பாறை இளஞ்சிவப்பு என்று படத்துக்குக் கீழே அச்சடித்திருந்தது. எனக்கு அது சாம்பலாகத் தெரிந்தது. எழுத்தை நம்பினேன். அப்படி நம்பி மனப்பாடம் செய்ததைப் பள்ளிக்கூடத்திலும் கலை விழா மேடைகளிலும் போய்ப் பேசினேன், கைதட்டும் வாங்கினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒன்றை மட்டும் பொய் இல்லாமல் சொல்ல முடியும். அந்தப் புத்தகத்தில் சீன ஓவியங்கள் இருந்தன. வெறும் மை. மையில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி வெளுக்கவைத்து மலையும் மேகமும் படகும் வரைந்திருந்தார்கள். முதல்முறை பார்த்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு மனசில்லை. மற்றவர்கள் பார்ப்பதை ஒன்றுகூடக் குறையாமல் நானும் பார்க்கிறேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. ஆடி மாதச் சாரலில் மேகம் இறங்கி மலையைப் பாதி மறைத்து நிற்கும்போது குற்றாலமும் அப்படித்தான் இருக்கும். அந்த ஓவியங்களை நான் நிஜமாகவே நேசித்தேன். அதைக்கூடப் பொய்க்குத்தான் பயன்படுத்தினேன். "நான் சீன மரபுக்காரன், நிறத்தைக் குறைத்துத்தான் போடுவேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் தங்கையை இலஞ்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வயலும் கொஞ்சம் தென்னையும் உள்ள வீடு. அவளுக்கு ஒரே மகன். பிறந்த அன்றே எல்லோரும் "மாமன் சாயல்" என்றார்கள். மொட்டை போட்டுக் காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் என்ற மிதப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவனுக்கு எட்டு வயது இருக்கும். நானும் மனைவியும் இலஞ்சி போயிருந்தோம். தங்கை ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். பையன் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலை வரைந்திருந்தான். வரப்பு, நெல், நாலு தென்னை, பின்னால் மலை.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாரேன். நெல்லுக்குப் போயிச் செவப்பு அடிச்சு வச்சிருக்கான். மரத்துக்குப் பச்சை, ஓலைக்குப் பழுப்பு. வேணும்னு செய்யுதானா, கண்ணுல எதுவும் கோளாறா? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகவா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நெல் நெல்லாக இருந்தது. தென்னை தென்னையாக இருந்தது. அவள் தப்பு என்று விரல் வைத்த இடமெல்லாம் எனக்குச் சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் என்ன சொன்னேன்? லாட்ஜ் முதலாளியிடம் சொன்னதையே சொன்னேன். கலர் ஒரு பாஷை, பாரசீகத்தில் பாறை ரோஸ், ராஜஸ்தானில் நிலம் சிவப்பு, இந்தப் பிள்ளைக்கு அது தானாக வருகிறது, டாக்டர் கீக்டர் என்று அவன் மனசைக் கெடுத்துவிடாதே. தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எம் பிள்ளைக்கு மாமன் கைன்னு சொல்லு" என்றாள். அடுத்த தடவை போனபோது அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் கூடத்துச் சுவரில் தொங்கியது.

அன்று தென்காசிக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவி, "பிள்ளைக்கு உங்க கண்ணு" என்றாள். "வாய மூடிக்கிட்டு வா" என்றேன். அவளுக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பையன் வளர்ந்தான். படத்தில் நாட்டம் இல்லை, போலீஸ் கனவு பிடித்துக்கொண்டது. கல்லூரி முடித்தபின் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து குளத்துக் கரையில் ஓடுவான். ஒரு தென்னையில் கயிறு கட்டி ஏறுவான். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் இருக்கும். நான் போகும்போதெல்லாம் கையை நீட்டிக் காட்டுவான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்றுதான் போவேன். காபியைக் குடித்துவிட்டு, மென்று முழுங்கிவிட்டு வருவேன். எல்லோருக்கும் ஒரேபோல் இருக்காது, அவனுக்குக் கொஞ்சமாகத்தான் இருக்கும், டாக்டர் கவனிக்காமல் விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் அவன் தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கே வந்தான். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். கூடவே எழுதிய இன்னொரு பரீட்சையிலும் தேறி, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலைக்குக் கவுன்சிலிங் அழைப்பும் வந்திருந்தது. இரண்டும் ஒரே நாள். அங்கே சென்னையில் கவுன்சிலிங், இங்கே ஓட்டப் பரீட்சை.

"எதுக்குப் போகட்டும் மாமா? அப்பா உங்ககிட்ட கேக்கச் சொன்னாவ. கவுன்சிலிங் போனா வேலை கட்டாயம் கிடைச்சிரும். ஆனா மேசை வேலை. எனக்கு மனசெல்லாம் இதுலதான் கெடக்கு. நீங்க சொல்லுத மாதிரி செய்யுதேன்."

மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். கையில் கரண்டி. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். 'இப்பவாவது சொல்லுங்க.' சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "உனக்குக் கலர் தெரியாதுலே, எனக்கும் தெரியாது, மெடிக்கல்ல தள்ளிருவான், நீ சென்னைக்குப் போ." அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. பள்ளிக்கூடத்தில் தெரிந்துபோகும், லாட்ஜில் தெரிந்துபோகும், செத்துப்போன அப்பா டீக்கடையில் பேசிய பேச்செல்லாம் பொய்யாகும் என்று என்னென்னவோ ஓடியது.

"எதுக்காக இத்தன வருஷம் ஓடுனியோ அதுக்கே போலே" என்றேன்.

அவன் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டான். மனைவி உள்ளே போய்விட்டாள். அன்றும் மறுநாளும் அவள் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

ஓட்டத்தில் அவன் முதல் ஆளாக வந்தான். கயிறு ஏறினான். ஆனி பிறந்த பிறகு மெடிக்கல். அந்த வாரம் நான் குற்றாலத்தில், அதே லாட்ஜில் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மலையைத் துடைத்து, ஈரம் ஏறி உரிந்த இடங்களில் நிறம் தொட்டுக் கொடுப்பேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே சாரல். தலையெல்லாம் நனைந்து அவன் உள்ளே வந்தான். வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கிறான்.

"என்னைத் தள்ளிட்டாவ மாமா" என்றான்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டான். அழவில்லை. "ஒரு புஸ்தகத்தக் காமிச்சாவ. புள்ளி புள்ளியா இருந்துச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல. டாக்டர் நல்லவருதான், பொறுமையாச் சொன்னாரு. இது அம்மா வழியில வாறது, தாய்மாமன் யாருக்காவது இருக்கான்னு கேட்டாரு. இல்ல சார், எங்க மாமா டிராயிங் மாஸ்டர், எல்லா நாட்டுக் கலரும் தெரிஞ்சவருன்னு சொன்னேன்."

அவன் இதைக் குத்திக் காட்டவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சுவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா மாமா? சின்னப் பிள்ளையில இருந்தே கேக்கணும்னு இருந்தேன், வெக்கமா இருந்துச்சு. எல்லாரும் இந்த மலையச் செவப்பு மலை, செவப்பு மலைன்னு சொல்லுதாவ. எனக்கு எப்பவும் மலை மாதிரிதான் தெரிஞ்சிருக்கு. ரசனை இல்லாதவன்னு நெனச்சுக்கிடுவீங்கன்னு நானும் செவப்புன்னே சொல்லிட்டு இருந்துட்டேன்" என்றான்.

"எனக்கும் அப்படித்தான்லே தெரியுது" என்றேன்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு அவன் பார்வை என் காலடியில் இருந்த பாட்டில்களுக்குப் போனது. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்திரி. 'செங்கல் - மலைக்கு.' 'பச்சை - கீழே செடிக்கு.' ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அத்தையின் கையெழுத்து அவனுக்குத் தெரியும். அதை அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"நான் கேக்க வந்த அன்னைக்கு, எனக்கு இது இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அப்போதும் இடம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் அதைத் தேடவும் செய்தேன்.

"தெரியும்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்தான். "அம்மாட்ட போன்ல சொன்னேன். டாக்டர் அம்மா வழின்னு சொன்னதையும் சொல்லிட்டேன். எம் பிள்ளைக்கு நான்தான் கொறைய குடுத்துட்டேன்னு அழுதுட்டே இருக்கா. நீங்களே போயிச் சொல்லிருங்க" என்றான். நனைந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடலாம் என்று நினைத்தேன். எந்த முகத்தோடு ஓடுவது?

மறுநாள் காலை இலஞ்சிக்குப் போனேன். மைத்துனர் வயலுக்குப் போயிருந்தார், அவன் வீட்டில் இல்லை. தங்கை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும், "அண்ணே, நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று ஆரம்பித்தாள். நான் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளிப் புத்தகம், அப்பாவிடம் சொன்ன பொய், பாட்டில், லாட்ஜ், கவுன்சிலிங்.

முடித்ததும் அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். என் முன்னால் நீட்டினாள்.

"இதுல தப்பு எங்கன இருக்கு, காட்டு."

பார்த்தேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் பார்த்தது போலவேதான் இருந்தது. என்னால் எங்கேயும் விரல் வைக்க முடியவில்லை. அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். சின்னப் பிள்ளைக்கு அரிசியில் எழுதப் பழக்குவதுபோல நகர்த்திக்கொண்டே போனாள்.

"இது நெல்லு. செவப்பா இருக்கு. இது தென்னை மரம். பச்சையா இருக்கு. இது ஓலை, பழுப்பு. இது மலை, நீலம். இது ஒண்ணுதான் சரி."

"அது தெரியுது" என்றேன்.

அவள் விரலை விட்டாள். சத்தம் போட்டுப் பேசவில்லை. "எங் கண்ணு நல்லாத்தான் அண்ணே இருந்துச்சு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது. நீ படிச்சவன், நாலு தேசத்துப் படம் பாத்தவன், உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு, எங் கண்ணையே நான் நம்பாம விட்டுட்டேன்."

படத்தை அவள் மறுபடி மாட்டவில்லை. என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன், அவள் வெளியே வரவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தென்காசி வந்து சேர்ந்தேன். இப்போது அது என் மேசைமேல்தான் இருக்கிறது. எது எந்த நிறம் என்று தங்கை சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் எனக்கு அது சரியாகத்தான் தெரிகிறது.